சேலைக்கு மேல் ஒரு கட்டம்போட்ட சட்டை

தையல் படித்து முடித்து இந்த வருஷம் சொந்தமாக மெஷின் போடப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கழுத்தை எவ்வளவு இறக்கலாம், லைனிங் எப்படிச் சுருங்கும் என்றெல்லாம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதெல்லாம் இப்போது போனிலேயே வருகிறது. என்னைவிட நன்றாகவும் சொல்லித் தருகிறார்கள். அருப்புக்கோட்டையில் பெண்களுக்குத் துணி தைத்தே நரைத்தவள் நான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு, என்னிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களிடம் கடையை விட்டுவிட்டேன். அவர்கள் நன்றாகத்தான் நடத்துகிறார்கள். அதனால் அந்தக் காலம் மாதிரி வருமா என்று நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. உங்கள் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போடப் போகிறவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை.

முதலில் என் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. என் ஜாக்கெட்டுக்குக் காலர் உண்டு, முழங்கை வரை பஃப் கை உண்டு, இடுப்போரம் ஒரு பை உண்டு. இதை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்த்துத் தைக்கவில்லை. கல்யாணமான புதிதில், அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு நாடகம் போட வந்த நடிகை ஒருத்தி, கை கிழிந்த ராணி வேஷத்து ஜாக்கெட்டோடு என் மெஷின் முன்னால் வந்து நின்றாள். கழுத்தை மூடிய காலர், பூசணிப் பிஞ்சு மாதிரி உப்பிய கை. பழைய ராணிகள் இப்படித்தான் போட்டார்களா என்று கேட்டேன்.

"அவுக என்ன போட்டாகளோ, யாரு கண்டா? மேடையில இதோட நின்னா மகாராணிங்கான். இதோட பஸ்ஸுல ஏறுனா என்னென்னமோ சொல்றான். நான் ஏறத்தான் செய்றேன்" என்றாள்.

மறுநாளே எனக்கும் ஒன்று வெட்டிவிட்டேன். ராணிகளுக்குப் பை தேவைப்படாது, எனக்குத் தேவைப்பட்டது. அதனால் பையும் வைத்தேன். கடைவீதி முழுக்கச் சிரித்தது. எங்களுடையது பலசரக்கு வியாபாரக் குடும்பம். கடைக்கார வீட்டு மருமகள் இப்படித் திரிந்தால் சரக்கு எப்படி விற்கும் என்று என் வீட்டுக்காரரிடமே ஒருவர் கேட்டார். இன்னொருவர் என்னிடம் நேராகவே வந்தார்.

"ஜாக்கெட்டுல பை வச்சிருக்கியே, அதுக்குள்ள என்னத்தா இருக்கு?"

"கத்தரி இருக்கு. நாக்கை நீட்டுங்க."

அதற்குப் பிறகு அவர் எதிர்ச்சாரியில்தான் நடந்தார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இதே ஊரில் ரவிக்கை போட்டவளைப் பார்த்துச் சிரித்த காலமும் இருந்தது. அப்போது சிரித்தவர்களின் பேத்திகள் இன்று ரவிக்கை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். நம் பண்பாடு என்று யாராவது ஒரு துணியைக் காட்டிக் கத்தினால், அந்தத் துணிக்கு என்ன வயது என்று கேளுங்கள்.

இனி தொழிலுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். போட்டுக்கொள்ளப் போகிறவள் கடைக்கு வரமாட்டாள். அவளுடைய பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சள் பையில் போட்டு அத்தையோ சித்தியோ கொண்டு வருவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அதை வைத்து அளந்து தைத்துக் கொடுத்துவிட வேண்டும். கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, முதுகு எவ்வளவு என்பதெல்லாம் கொண்டு வந்தவள் சொல்வதுதான். போட்டுக்கொள்கிறவளுக்கு ஒரு ஆசை இருக்கும் என்பதே யாருக்கும் தோன்றாது. என் கடையில் அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை என்று நான் எழுதியே மாட்டியிருந்தேன். "திமிரு பிடிச்ச டெய்லரு" என்று பெயர் வாங்கினேன். போன வாடிக்கையும் உண்டு, வந்த வாடிக்கையும் உண்டு. வந்தவர்கள் எல்லாரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

அப்படி வந்தவள்தான் தேன்மொழி. நான் கடையை விடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. நரிக்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்துப் பெண். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு காதுக்கு மேலே முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நகமெல்லாம் கறுப்பு. காலில் பட்டாளத்து பூட்ஸ். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. யாரோ வெள்ளைக்காரப் பாட்டுக்காரியைப் பார்த்துக் குத்திக்கொண்டாளாம். அடி பைத்தியக்காரி, உங்கள் ஊர்க் கிழவிகள் எல்லாரும் இரண்டு பக்கமும் குத்தியவர்கள்தான் என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

"ஆன்ட்டி, கல்யாணத்துக்கு முதநாள் சாயங்காலம் ரிசப்ஷன். கறுப்புச் சேலை கட்டப் போறேன், பின்கொசுவம் வச்சு. அதுக்கு மேல ஒரு சட்டை வேணும். ஆம்பளைச் சட்டை. பருத்திக்காட்டுல பொம்பளைக போட்டிருப்பாகள்ல, அந்தச் சட்டை."

நம் கரிசக்காட்டைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வெயிலுக்கும், காய்ந்த பருத்திக்காயின் கீறலுக்கும், கருவேல முள்ளுக்கும் பயந்து, வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். கூலிக்குப் போகிறவர்களின் உடுப்பு அது. நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண் அதைப் போட்டால், அந்த வீடு நொடித்துப் போய்விட்டது என்று அர்த்தம்.

தேன்மொழி வீட்டில் அதுதான் நடந்தது. அப்பா செத்தபோது அவள் சின்னப் பிள்ளை. மூன்று வருஷம் மழை பொய்த்தது. அம்மா பாண்டியம்மாள் செத்துப்போன புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் காட்டில் பருத்தி எடுக்கவும் கருவேலம் வெட்டவும் போனாள். அப்படித்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

"எங்கம்மா பட்டதை நான் மேடையில போட்டுக் காட்டணும்" என்றாள். மாப்பிள்ளை கூட வேலை பார்க்கும் பையன், அவனுக்கும் சம்மதமாம். சட்டை சாயம் போன மாதிரி இருக்க வேண்டும், முழங்கை கிழிந்திருக்க வேண்டும், ஓரமெல்லாம் பிசிறு தொங்க வேண்டும். அதுதான் இப்போது ஸ்டைலாம்.

"தைக்கிறேன். கிழிக்கிறதுக்கு இந்தக் கடையில கூலி வாங்குனதில்லை. அம்மாகிட்ட சொன்னியா?"

"சர்ப்ரைஸ் ஆன்ட்டி."

தைத்துக் கொடுத்தேன். அவளே என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, உப்புத்தாளை வைத்து முழங்கையைத் தேய்தேய் என்று தேய்த்து ஓட்டை போட்டாள். துணி வாங்க வந்த யாரோ இதைப் பார்த்திருக்கிறார்கள். சர்ப்ரைஸ் என்பதால் சட்டையை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஆனால் அவள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி பஸ் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவளுடைய தாய்மாமன் வந்தார். பாண்டியம்மாளுக்கு மூத்தவர். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. கையில் பை. பைக்குள் ரோஸ் கலர் பட்டுத் துணி, கூடவே ஒரு அளவு ஜாக்கெட்.

"டெய்லரம்மா, இந்த அளவுக்கு இதைத் தைச்சுருங்க. கையில நல்லா ஜரிகை வேலை போட்டுக் குடுங்க. அந்தப் பிள்ளை தைக்கச் சொன்ன சட்டையை என்கிட்ட குடுங்க, நான் கொண்டு போறேன்."

"போடப் போறவ வந்து கேக்கட்டும்ண்ணே."

"நான் தாய்மாமன். நான் கேட்டா போதாதா? நாளைக்குச் சாயங்காலம் மேடையேறி அவளுக்கு மாலை போடப் போறவன் நான்."

"மாலையை நீங்க போடுங்க. சட்டையை அவ போடட்டும்."

அவர் முகம் மாறியது. அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து பெண்ணுக்கு மாலை போட்ட பிறகுதான் மற்றவர்கள் மேடையேறுவார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்கு அந்த மாலைதான் பின்பலம். அது விழாவிட்டால், இவளுக்குக் கேட்க நாதியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஆகிவிடும். அந்தச் சட்டையோடு அவள் நின்றால் மாலையும் இல்லை, சீரும் இல்லை என்றார். எங்கள் ஊரிலிருந்து இனி ஒரு துணி உங்கள் கடைக்கு வராது என்றும் சொன்னார். என்னிடம் வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் அசையவில்லை என்றதும் அவர் குரலை இறக்கினார்.

"நீங்களும் நாலு பேரோட பொழைக்கிறவுகதான், சொல்றதைக் கேளுங்க. அந்தச் சட்டையைப் பார்த்தா ஊரு என்ன பேசும்? மூணு பேரு அண்ணந்தம்பி இருந்தும் கூடப்பொறந்தவளைக் கூலிக்கு விட்டாங்கன்னு பேசும். ஊரு அதை மறந்துருச்சு. இந்தப் பிள்ளை அதை மேடையில ஏத்தி ஞாபகப்படுத்துது."

உண்மை வந்துவிட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தங்கச்சிக்குக் கலங்காத கண், இன்றைக்கு ஊர் வாய்க்குக் கலங்குகிறதே என்று நினைத்ததும் இரக்கம் போய்க் கோபம் வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? அவசரத்தில் யாருடைய குரல் பெரியதோ அவர்கள் பக்கம் சாயத் தோன்றும். அல்லது என்னைப் போன்ற வீம்புக்காரியாக இருந்தால், சின்னவள் பக்கம் நின்று மல்லுக்கட்டத் தோன்றும். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். இவர் அதை அவமானம் என்கிறார். அவள் அதைத் தியாகம் என்கிறாள். சட்டை இந்த இரண்டு பேருடையதும் இல்லையே. தேன்மொழிக்குப் போன் போட்டு, நாளைக்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

"அவ வந்து என்ன சொல்லிருவா? நான் சொல்றதுதான் அவ சொல்றது" என்றார் பாண்டியம்மாளின் அண்ணன். ஆனாலும் மறுநாள் காலையில் அவரும் வந்து நின்றார்.

பாண்டியம்மாள் ஒடிசலான பெண். வெறும் நெற்றி, பூ இல்லாத கொண்டை. சட்டையை அவள் கையில் கொடுத்தேன். உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தாள். முழங்கை ஓட்டைக்குள் விரலை விட்டாள். அம்மா அழப்போகிறாள் என்று மகள் காத்திருந்தாள். அண்ணனும் அதற்குத்தான் காத்திருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"யாரு சட்டைடீ இது?"

"உன் சட்டைதாம்மா. நீ காட்டுக்குப் போடுவியே, அது மாதிரி."

"நான் எப்போடீ கிழிஞ்சதைப் போட்டேன்?" பாண்டியம்மாளின் குரல் உயர்ந்தது. "ஒருநாளு, ஒரேயொரு நாளு என்னையக் கிழிஞ்ச சட்டையோட காட்டுல பார்த்திருக்கியா நீ? உங்கப்பா சட்டையில நல்லதாப் பார்த்து எடுத்து வச்சேன். ஊதாக்கட்டம் போட்டது ஒண்ணு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டன் தெறிச்சுப் போனப்ப டவுனுல செகப்புப் பட்டன் வாங்கி நானே வச்சுத் தைச்சேன். காலரை இப்பிடித் தூக்கிவிட்டுக்கிட்டு நடப்பேன். கூட வந்தவளுக எல்லாம் சிரிப்பாளுக. மறுவாரம் அவளுகளும் பட்டன் மாத்துனாளுக. என்னையப் போயி பிச்சைக்காரி ஆக்கிட்டியே!"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் தேன்மொழி. "கிழிஞ்சிருந்தாத்தான் இப்ப ஸ்டைலு."

"உன் ஸ்டைலு உனக்கு. வேணும்னா கிழிச்சுப் போட்டுக்க. என் சட்டைன்னு சொல்லிக்கிட்டுக் கிழிக்காத."

அண்ணனுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "வாயை மூடு பாண்டி. தாலியறுத்தவ செகப்புப் பட்டன் வச்சு மினுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்னு சபையில போய்ச் சொல்லுவியா?"

பாண்டியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுவேண்ணே. பொட்டு வைக்கக் கூடாதுன்னீக, வைக்கலை. பூ வைக்கக் கூடாதுன்னீக, வைக்கலை. கலர் சேலை கூடாதுன்னீக, கட்டலை. சட்டைக்குப் பட்டன் வைக்கக் கூடாதுன்னு நீங்க யாரும் சொல்லலை. சொல்ல மறந்துட்டீக. அதுல நான் என் ஆசையை வச்சுக்கிட்டேன்."

கூலிக்குப் போனவளுக்கு ஆசை இருக்கும் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, படித்த மகளுக்கும் தோன்றவில்லை. ஸ்டைல் என்பது வேளாவேளைக்குச் சோறு கிடைப்பவர்களின் சொத்து என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அந்தச் சட்டை மேடையேறுச்சுன்னா நான் மாலை போட வரமாட்டேன்" என்றார் அண்ணன், மெதுவாக.

அண்ணன் வராத கல்யாணம் என்றால் என்ன என்று பாண்டியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். "வந்தா சந்தோசம்ண்ணே. வராட்டி நான் போடுறேன்" என்றாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமே ரிசப்ஷன். அந்தப் பகல் முழுக்க வேறு துணி எதையும் நாங்கள் தொடவில்லை. புதுச் சட்டைக்கு ஊதாக்கட்டத் துணி தேடி என் கடைப் பெண் ஒருத்தி மூன்று ஜவுளிக்கடை ஏறி இறங்கினாள். பாண்டியம்மாள் கட்டிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே நின்று காலர் எவ்வளவு விறைப்பாக நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேன்மொழி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு தானே உட்கார்ந்து சிவப்புப் பட்டன்களைத் தைத்தாள். பூட்ஸை மட்டும் விடமாட்டேன் என்றாள். "போட்டுக்க, முள்ளு குத்தாது" என்றாள் அம்மா.

மண்டபத்துக்கு நானும் போனேன். பெண் மேடையில் நின்ற அழகை எப்படிச் சொல்வது! கறுப்புச் சேலை, பின்கொசுவம், ஊதாக்கட்டச் சட்டை, தூக்கிவிட்ட காலர். கல்யாணப் பெண் கறுப்புக் கட்டலாமா என்று ஒரு வரிசை முணுமுணுத்தது. சட்டையைப் பார்த்ததும் இன்னொரு வரிசை முணுமுணுப்பதையும் மறந்துவிட்டது. பின்னால் நின்ற காட்டு வேலைக்காரப் பெண்கள் சிலர் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பு இல்லை அது.

அண்ணன் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாலை போடுகிற நேரத்தில் மேளம் நின்றது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பின. அவர் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா என்னவென்று கேட்டு யாரிடமோ குனிந்தார்.

பாண்டியம்மாள் மேடையேறினாள். தான் கொண்டு வந்திருந்த தட்டிலிருந்து மாலையை எடுத்தாள். "தாலியறுத்தவ..." என்று ஒரு குரல் தொடங்கியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகள் கழுத்தில் மாலையைப் போட்டு, மாலைக்கு அடியில் மாட்டிக்கொண்ட காலரை எடுத்துச் சரியாகத் தூக்கிவிட்டாள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"ஏப்பா, வாசிக்க என்ன கேடு உனக்கு?" என்று நான் கத்தினேன். வாசித்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா எழுந்து மேடைக்கு வந்தார், மற்றவர்களும் வந்தார்கள்.

அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டார். பிறகு அவர் மனம் மாறி வந்து தங்கச்சி கையைப் பிடித்தார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி நடக்கவில்லை. அந்த ஊரிலிருந்து ரொம்ப நாளைக்குத் துணியும் வரவில்லை. போகட்டும் என்று விட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஒரு துணிக்காக ஏன் இவ்வளவு வம்பு, அடங்கிப் போனால் என்ன என்று நல்லவர்களே வந்து சொல்வார்கள். ஒரு துணிதானே என்றால் அவர்கள் ஏன் அடங்கிப் போகக் கூடாது என்று திருப்பிக் கேளுங்கள். அதே சமயம், போடுகிறவளுக்காகச் சண்டை போடப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து வந்த மாசி மாதம் இருக்கும். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் பாண்டியம்மாள் மட்டும் தனியாக வந்தாள். கையில் கிளிப்பச்சைத் துணி, புதுசு.

"அக்கா, ஒரு சட்டை தைக்கணும். முழுக்கை."

"காட்டு வேலைக்கே போகக் கூடாதுன்னு மக சொல்லிருச்சுன்னீங்களே. இப்ப எதுக்குச் சட்டை?"

"காட்டுக்கு இல்லைக்கா. மல்லாங்கிணத்துல ஒரு விசேசம், அதுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும். எங்க அண்ணனும் வருவாக" என்றாள், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு.

நான் டேப்பை எடுத்து அளவெடுத்தேன்.